பதினோராம் கேள்வி

கேட்குதோ? எழும்பாதேங்கோ தம்பி, அது பஸ் இல்லை. பஸ் என்றால் வளைவுக்கு முன்னால் கிழவன் மாதிரி இரண்டு தரம் இருமும். இது பால் லொறி. இப்போது கியர் மாற்றுவான், பாருங்கோ. மாற்றிவிட்டான். கொஞ்சம் உள்ளே தள்ளி இருங்கோ, தண்ணீர் அடித்துவிட்டுப் போவான்.

அடித்தானா? சொன்னேனே. இந்தப் பனிப்புகாரில், நீங்கள் பனிமூட்டம் என்பீர்களே, இதில் எல்லாம் முதலில் காதுக்குத்தான் வரும், பிறகுதான் கண்ணுக்கு.

உங்கள் கார் அந்த வளைவில்தானே சறுக்கினது? நல்ல காலம், வேலியோடு போயிற்று. இழுக்கிற லொறிக்காரன் ஒரு மணித்தியாலம் என்றானா? அப்படியென்றால் ஒன்றரை. நீங்கள் போனில் தமிழில் அவனைத் திட்டினபடியால்தான் நானும் வாய் திறந்தேன். மதுரைப் பக்கமா? பேச்சில் தெரிந்தது. நான் யாழ்ப்பாணம், அச்சுவேலி. இந்த வெள்ளைக்காரர் நாட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருஷம்.

ஒன்று கேட்கிறேன், யோசித்துச் சொல்லுங்கோ. வளைவால் வரும்போது யாரையும் கண்டீர்களா? மஞ்சள் ஜாக்கெட், கம்பளித் தொப்பி, கட்டையான ஒரு மனிசி. இல்லையா? ரோட்டோரம் ஒதுங்கி நின்றிருப்பாள். கவனித்திருக்க மாட்டீர்கள், ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டியிருப்பீர்கள். இல்லை, நிச்சயமாக இல்லை என்கிறீர்கள். சரி. அப்படியென்றால் இன்னும் வளைவுக்கு வரவில்லை. அது என் மனிசி, தவமலர். ஏழு இருபதுக்கு இந்த இடத்தைக் கடப்பாள். இப்போது ஏழு நாலு.

இருங்கோ, அந்தத் துணியைத் தாருங்கோ. இந்தக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொல்கிறேன். இது என் பொறுப்பு. பகிடி இல்லை, புத்தகத்தில் எழுதியிருக்கிறது: 'பஸ் தரிப்பிடக் கண்ணாடி, பொறுப்பு கவுன்சிலர் பாரா.' பரராஜசிங்கம் என்ற பெயரை இவர்கள் பாதியில் வெட்டிவிட்டார்கள். ஓம், நான்தான் கவுன்சிலர். பரிஷ் கவுன்சில், உங்கள் ஊரில் பஞ்சாயத்து என்பீர்களே, அது மாதிரி. விதர்லோ என்கிற இந்த ஊருக்கு நூற்றி அறுபது வீடு, ஒரு வேதக்கோயில், ஒரு கவுன்சில். ஏழு கதிரை. உட்கார நாலு பேர்தான் இருந்தார்கள். இந்தத் தரிப்பிடத்து விளக்கு எரியவில்லை என்று சொல்லப் போன என்னைப் பிடித்து ஐந்தாவது கதிரையில் உட்கார்த்திவிட்டார்கள். வாக்கும் இல்லை, போட்டியும் இல்லை. ஆள் கிடைக்காவிட்டால் அப்படிச் சேர்த்துக்கொள்ளலாம் என்று சட்டம். நாய்ப் பீ போடுகிற தொட்டியை எந்த முடக்கில் வைப்பது என்று பதினான்கு மாதம் பேசினோம். இன்னும் வைக்கவில்லை.

அந்த விளக்கும் இன்னும் எரியவில்லை.

நான் அங்கே மேலே தெரிகிற முதியோர் இல்லத்தில் இரவு வேலை. புகாரில் தெரியாது, இருநூறு யார் தூரம் இருக்கும். அவள் அதே இல்லத்தில் பகல் வேலை. ஏழுக்கு நான் இறங்குவேன், ஏழரைக்கு அவள் ஏறுவாள். ஒரே சம்பளத்தில் இரண்டு பேர், ஒரே கட்டிலில் ஒரு நேரத்துக்கு ஒருவர். சிரிக்கிறீர்கள். நாங்களும் முதல் இரண்டு வருஷம் சிரித்தோம்.

இந்தத் தரிப்பிடத்துக்குப் பின்னால் முப்பது அடி தள்ளி ஒரு இரும்புப் படலை, அதுதான் கேட், இருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் லவ்ரிட்ஜ் வயல். வயலுக்குக் குறுக்கே ஒற்றையடிப் பாதை. அதால் போனால் எங்கள் வீடு பன்னிரண்டு நிமிஷம். ரோட்டால் என்றால் நாற்பது. ரோட்டுக்கு நடைபாதை இல்லை, விளக்கு இல்லை, நீங்கள் சறுக்கின வளைவு வேறு. போன மாசியில் தபால்காரர் ஒருவருக்கு அங்கே கால் போனது. காருக்கு எங்களுக்கு வழியில்லை. எனக்கு ஒரு கண் சரியில்லை, லைசென்ஸ் தரமாட்டார்கள். அவளுக்கு ஸ்டியரிங்கைத் தொட்டால் கை நடுங்கும்.

ஆகவே இருபது வருஷம் அந்தப் பாதைதான். பாதையின் நடுவில் ஒரு கடப்பு. வேலிக்குக் குறுக்கே இரண்டு மரப்படி வைத்து ஏறி இறங்குகிற இடம். ஏழு பத்துக்கு நான் இந்தப் பக்கத்தால் வருவேன், அவள் அந்தப் பக்கத்தால் வருவாள். அவள் படியில் இருப்பாள், நான் நிற்பேன். வீட்டுத் திறப்பை, சாவியை, என் கையில் தருவாள். வீட்டுக்கு இரண்டு திறப்பு உண்டு, ஆனால் ஒன்றை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடாமலே விட்டுவிட்டோம். ஐந்து நிமிஷம். கறி என்ன, யார் போன் எடுத்தது, இரவு இல்லத்தில் யார் போனது. எங்கள் குடும்பம் நடந்தது அந்த ஐந்து நிமிஷத்தில்தான் என்று ஒரு கணக்குக்குச் சொல்லலாம்.

பொறுங்கோ. அது கார். வேகமாக வருகிறான். வளைவில் பிரேக் போடுகிறானா... போட்டான். சரி.

வயலுக்குச் சொந்தக்காரர் பழைய லவ்ரிட்ஜ் செத்துப் போனார். பிள்ளைகள் காணியை விற்றார்கள். வாங்கினவர் கிராண்ட்லி. பட்டணத்து ஆள், நல்ல சப்பாத்து. வந்த அடுத்த பங்குனியில் கடப்பைப் பிடுங்கினார், இரண்டு முனையிலும் இரும்புப் படலை போட்டார், சங்கிலி போட்டார். அன்று காலை நான் இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம். நடுவில் வயல். கையைக் கூடக் காட்ட முடியவில்லை, அன்றைக்கும் இதே புகார்.

கவுன்சிலில் சொன்னேன். தலைவி மிஸஸ் பென்ரோஸ், முன்பு பள்ளிக்கூட ரீச்சர், எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு. மேசையில் அடித்தா. "அது ஊர்ப் பாதை. விடமாட்டோம்" என்றா. எழுத்தர் கொலின் சட்டப் புத்தகம் கொண்டுவந்தான். சட்டம் என்னவென்றால், தம்பி, இது விசித்திரமான சட்டம். வரைபடத்தில் இல்லாத பாதையும் ஊருக்குச் சொந்தமாகலாம். இருபது வருஷம் விடாமல் நடந்திருக்க வேண்டும். மூன்று நிபந்தனை. உடைத்துப் போயிருக்கக் கூடாது. ஒளித்துப் போயிருக்கக் கூடாது. இந்த இரண்டும் எனக்கு விளங்கியது. மூன்றாவது, அனுமதி கேட்டுப் போயிருக்கக் கூடாது.

ஓம், சரியாகத்தான் கேட்டீர்கள். கேட்டுப் போனால் அது அவன் தந்த தயவு. கேட்காமல் போனால் அது உன்னுடைய உரிமை. இப்படியும் ஒரு நாடு.

கொலின் ஆட்களுக்குப் படிவம் கொடுத்தான். எட்டுப் பேர் நிரப்பினார்கள். ஆறு பேர் நாய் வாங்கின பிறகு நடக்கத் தொடங்கினவர்கள். இருபது வருஷம் முழுக்க நடந்தது ஊரிலேயே இரண்டு பேர்தான், நானும் அவளும். எங்கள் இரண்டு தாளில்தான் பாதை நின்றது என்று வையுங்கோ.

எனக்கு இன்னொரு வேலையும் தந்தார்கள். கோயிலில் ஒரு தகரப் பெட்டி இருந்தது, கவுன்சில் தொடங்கின காலத்திலிருந்து கூட்டக் குறிப்பு எழுதின ஆறு புத்தகம். அதில் பாதையைப் பற்றி ஏதும் இருக்கிறதா பார் என்றார்கள். மற்றவர்களுக்கு அந்தப் பழைய கையெழுத்தை வாசிக்கப் பொறுமையில்லை. நான் பத்தாம் வகுப்போடு நின்றவன், ஆனால் இங்கே வந்து இரவு வேலையில் அகராதி முழுக்க வாசித்தவன். இல்லத்தில் கிழவர்கள் நித்திரையானால் வேறு என்ன செய்வது? ஆகவே பின்னேரங்களில் எங்கள் குசினி மேசையில் வைத்து வாசித்தேன்.

முதல் புத்தகம் 1894 மார்கழி. அதற்கு முன்னால் ஊரை ஆண்டது பாதிரியாரும் பெரிய காணிக்காரரும். அந்த வருஷம்தான் சாதாரண ஆட்கள் பள்ளிக்கூட அறையில் கூடிக் கையை உயர்த்தி ஆள் தெரிவு செய்தார்கள். பாதிரியார் தோற்றார், தம்பி. வண்டில் செய்கிறவர், கொல்லன், கூலிக்காரர் இரண்டு பேர் வென்றார்கள். ஒரு பெண்ணும் வென்றாள். ஹெஸ்டர் டாட், விதவை, உடுப்புத் தோய்த்துச் சீவிக்கிறவள். அந்தக் காலத்தில் பெண்களுக்குப் பாராளுமன்றத்துக்கு வாக்குப் போட வழியில்லை, ஆனால் இந்தக் கவுன்சிலில் கதிரை உண்டு. பதினொரு கை அவளுக்கு உயர்ந்தது என்று எழுதியிருக்கிறது. எண்ணி எழுதியிருக்கிறார்கள்.

அடுத்த வருஷமே பாதைச் சண்டை. அப்போதைய லவ்ரிட்ஜ் பாதைக்குக் குறுக்கே தட்டி வைத்துவிட்டார். ஹெஸ்டர் எழும்பி, 'இது எங்கள் வழி, எடுக்கச் சொல்லி எழுதுவோம்' என்கிறாள். லவ்ரிட்ஜ் நல்ல மாதிரி ஒரு கடிதம் போடுகிறார்: 'ஊர் ஒரு வார்த்தை கேட்டால் நான் மறுப்பேனா?' வாக்கெடுப்பு. கேட்டு, நன்றி சொல்லி எழுதுவோம் என்று ஆறு பேர். வேண்டாம் என்று ஒரே ஒருத்தி.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் அறுவடை முடிந்த ஒரு திங்கட்கிழமை கவுன்சில் முழுக்கப் பண்ணைக்குப் போகும். அவர் ஆப்பிள் கள்ளும் கேக்கும் கொடுப்பார். இவர்கள் நன்றி சொல்வார்கள். குறிப்பில் வருஷாவருஷம் ஒரே வரி: 'பாதைக்காக மிஸ்டர் லவ்ரிட்ஜுக்கு நன்றி தெரிவிக்கப்பட்டது. மிஸஸ் டாட் வரவில்லை.' பத்தொன்பது வருஷம் 'மிஸஸ் டாட் வரவில்லை.' பிறகு அவள் பெயரே இல்லை.

இன்னும் கேளுங்கோ. 1951. ஒவ்வொரு ஊரும் தன்னுடைய நடைபாதைகளை வரைந்து அனுப்பு என்று மேலிருந்து கட்டளை. வரைந்தால் என்றென்றைக்கும் ஊருக்குச் சொந்தம். அப்போது கவுன்சில் தலைவரே லவ்ரிட்ஜின் பேரன். மற்ற பாதை ஒன்பதையும் வரைந்தார்கள், இதை விட்டார்கள். ஏன் என்று ஒரு வரி: 'தலைவரின் வயல் வழியை எழுதுவது அவசியமில்லை, அவர் எப்போதும் தயவாக இருந்திருக்கிறார்.' எனக்கு வந்த கோபம்! ஒரு மனிசனுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு, ஒரு துண்டு கேக்குக்காக, ஊரின் வழியையே எழுதாமல் விட்ட மடையர்கள். குசினி மேசையில் அடித்துச் சொன்னேன், "பார் மலர், மடையங்கள்" என்று.

அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "அந்த மனிசி பிறகும் நடந்தவவோ?" என்று கேட்டாள்.

"எந்த மனிசி?"

"உடுப்புத் தோய்க்கிறவ."

"அது எழுதேல்லை. பிடிவாதக்காரி. ஒரு நன்றி சொன்னா என்ன குறைஞ்சா போவா?"

"நடந்திருப்பா" என்றாள் அவள்.

ஏழு பதினொன்று. பொறுங்கோ, ஏதோ சத்தம்... இல்லை, அது அந்த மரத்தில் தண்ணீர் சொட்டுவது.

சரி, படிவத்துக்கு வருகிறேன். பதினைந்து கேள்வி. பதினோராவது: 'நீங்கள் எப்போதாவது காணிக்காரரிடம் அனுமதி கேட்டீர்களா?' நான் எழுதினேன், 'ஓம்.' எழுதத்தானே வேண்டும்? நடந்தது அதுதான். நாங்கள் வந்த முதல் கிழமையே அவளைக் கொண்டு பயத்தம் பணியாரம் சுடுவித்து, ஒரு தகரப் பேணியில் போட்டு, கோட்டும் ரையும் கட்டிக்கொண்டு லவ்ரிட்ஜ் வீட்டுக் கதவைத் தட்டினேன். "ஐயா, உங்கள் வயலால் நடந்து போகலாமா?" மனிசன் முழித்தார். "எல்லாரும் நடக்கிறதுதானே. ஒருவரும் என்னைக் கேட்டதில்லையே" என்றார். "நான் கேட்பேன்" என்றேன். "அப்படியென்றால் நட" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு நத்தாருக்கும், அதாவது கிறிஸ்மஸுக்கு, ஒரு பேணி பணியாரம். அவர் மனிசி அதே பேணியில் கேக் போட்டுத் திருப்பித் தருவா. அவர்களுக்கும் எங்களுக்கும் ஒரு நாள் ஒரு சொல் முரண் இல்லை. ஊரில் வேறு யாருக்கு அந்த மரியாதை கிடைத்தது?

கொலின் இரவுச் சாப்பாட்டு நேரம் வந்தான். என் படிவம் கையில். கதிரை நுனியில் உட்கார்ந்தான். "பாரா, பதினோராவதை வெறுமையா விடலாம். எல்லாக் கேள்விக்கும் பதில் எழுத வேணும் எண்டு இல்லை."

நான் சொன்னேன், "கொலின், நான் ஊரை விட்டு ஓடி வந்தவன்தான். ஆனா களவாக நடந்தவன் இல்லை."

"களவு எண்டு ஆர் சொன்னது? பேசாமல் இருக்கச் சொல்லுறன்."

"அது பொய்யின் தம்பி."

அவன் போன பிறகு அவள் குசினியிலிருந்து சொன்னாள். "விட்டா என்ன? வெறும் தாள் பொய் சொல்லாது."

"அகதி எண்டு வந்த இடத்திலை எங்கடை நேர்மைதான் எங்கடை காணி உறுதி" என்றேன். உறுதி என்றால் உங்கள் பத்திரம். நல்ல வசனம், என்ன? எனக்கே பிடித்தது. அவள் தன் படிவத்தை எப்போது நிரப்பினாள், எப்போது கொலினிடம் கொடுத்தாள் என்று எனக்குத் தெரியாது.

விசாரணை ஊர் மண்டபத்தில். வெளியிலிருந்து ஒரு அதிகாரி. கிராண்ட்லிக்கு ஒரு வழக்கறிஞர், மெலிந்த சின்னப் பெண். எழும்பி, "மிஸ்டர் பரராஜசிங்கம்" என்றாள். ஒரு எழுத்துப் பிசகவில்லை. இருபது வருஷத்தில் இந்த ஊரில் என் முழுப் பெயரைச் சொன்ன முதல் ஆள் அவள்தான். பயிற்சி எடுத்து வந்திருக்கிறாள். அப்படிப்பட்டவளுக்கு மரியாதையாகப் பதில் சொல்லாமல் என்ன செய்வது?

பணியாரக் கதை முழுக்கக் கேட்டாள். பேணி என்ன நிறம் என்று கூடக் கேட்டாள். சொன்னேன். பழைய புத்தகத்தில் கேக் சாப்பிட்ட திங்கட்கிழமைகளையும் அவளே வாசித்துக் காட்டினாள், வருஷம் வருஷமாக. பிறகு இன்னொரு தாளை எடுத்தாள். "இது உங்கள் மனைவியின் படிவம். பதினோராவது கேள்விக்கு இவர் எழுதியிருப்பது: நான் ஒருவரையும் கேட்கவில்லை. ஒருவரும் என்னை மறிக்கவில்லை. நடந்தேன்." நிறுத்தினாள். "அப்படியென்றால் நீங்கள் அனுமதி கேட்டது உங்களுக்கு மட்டுமா?"

பாருங்கோ, தம்பி, அந்த இடத்தில் என்னை ஒரு மாதிரி ஆளாகக் காட்டப் பார்க்கிறாள். தனக்கு மட்டும் கேட்டுவிட்டு, மனிசியை அந்தரத்தில் விட்ட ஆளாக. எனக்கு ரோசம் வந்தது. நிமிர்ந்து சொன்னேன்: "இல்லை. அவளுக்கும் சேர்த்துத்தான் கேட்டேன். அன்றைக்கே, அதே வாசலில். இன்னொருவருடைய காணிக்குள்ளால் என் மனிசி சொல்லாமல் கொள்ளாமல் நடக்க நான் விடுவேனா?"

மண்டபம் அப்படியே அடங்கிப் போனது. மிஸஸ் பென்ரோஸ் கண்ணாடியைக் கழற்றினா. கொலின் கண்ணை மூடிக்கொண்டான். ஒரு மரியாதையான அமைதி என்று வையுங்கோ. அந்தப் பெண், "நன்றி, வேறு கேள்வி இல்லை" என்று உட்கார்ந்துவிட்டாள். நான் திரும்பிப் பார்த்தேன். மலர் இரண்டாவது வரிசையில் நீலக் கோட்டோடு இருந்தவள், எழும்பிக் கதவைத் திறந்து போய்க்கொண்டிருந்தாள். அவளுக்கு வேலைக்கு நேரமாகியிருக்கும்.

இரண்டு மாதத்தில் முடிவு வந்தது. பாதை இல்லை. அனுமதியோடு நடந்தது, உரிமையாகாது.

அதுதான் என் மனக்குறை, தம்பி. நான் அந்தச் சட்டம் செய்தவனைக் கேட்கிறேன், கதவைத் தட்டிக் கேட்டவனுக்குத் தண்டனை, கேட்காதவனுக்குப் பரிசு, இது எந்த ஊர் நியாயம்? கவுன்சிலில் இதை எழுத வேண்டும் என்றேன். மிஸஸ் பென்ரோஸ், "இப்போது வேண்டாம், பாரா" என்றா. களைத்துப் போனா பாவம். 1951இல் அந்த மடையர்கள் ஒரு கோடு கீறியிருந்தால் இந்த வில்லங்கமே இல்லை.

மலரா? மலர் ஒன்றும் சண்டை பிடிக்கவில்லை. விசாரணை நடந்த அன்று இரவு நான் வேலைக்கு வெளிக்கிடும்போது கேட்டாள். "என்னட்டை ஒருக்காலும் கேக்கேல்லையே."

"எதை?"

"எனக்காகக் கேக்கலாமோ எண்டு."

நான் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். அவள் பாட்டுக்குச் சொன்னாள், "இருபது வருசம் என்ரை காலாலை நடந்தனான் எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தன். உங்கடை பணியாரத்தாலை நடந்திருக்கிறன். அதையும் நான்தானே சுட்டனான்." சொல்லிவிட்டுக் கொஞ்சம் சிரித்தாள். களைப்பு. பகல் முழுக்க ஆட்களைத் தூக்கி இருத்துகிற வேலை, இடுப்பு விட்டுப் போகும்.

அதிலிருந்து பேச்சுக் குறைவுதான். பேச நேரமும் இல்லை. இப்போது திறப்பு வாசலில் பூச்சட்டிக்குக் கீழே. நான் இதில் காத்திருப்பேன், அவள் இதால் கடப்பாள். 'குளிருது' என்பாள். 'ஓம்' என்பேன். வளைவு மட்டும் வந்து கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றேன். "அங்கை வந்து நிக்காதேங்கோ, உங்களுக்கு ஒரு கண்" என்று மறித்துவிட்டாள். அது அன்புதானே?

ஏழு பதினாறு. ரோட்டால் வருவதென்றால் ஆறே முக்காலுக்கு முன்னமே வீட்டை விட்டு வெளிக்கிட வேண்டும், பாவம். மிஸஸ் பென்ரோஸ் என்னவென்றால், 'உன் மனைவி எப்போதும் போல ஏழுக்குத்தான் விளக்கை அணைக்கிறாள்' என்கிறா. அந்த மனிசியின் மணிக்கூடு எந்தக் காலத்தில் சரியாக ஓடினது?

இன்னொரு தொல்லை. போன கூட்டத்தில் கிராண்ட்லியிடமிருந்து கடிதம். யாரோ விடியப்புறம் படலை ஏறி வயலால் போகிறார்களாம். ஏறின அடையாளம் இருக்கிறதாம், சேற்றில் அடி இருக்கிறதாம், சின்ன அடி. கவுன்சில் விசாரிக்க வேண்டும் என்கிறார். திங்கட்கிழமை கமரா பூட்டுகிறார், ஆளைப் பிடித்தால் நீதிமன்றம் என்கிறார். கடிதம் வாசித்து முடிய எல்லாரும் மேசையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். ஒருவருக்கும் துணிவில்லை. நான்தான் எழும்பினேன். "யாராவது குழப்படிப் பெடியள். தரிப்பிடம் என் பொறுப்பு, நான் காலையில் அங்கேதான் நிற்பேன், கவனிக்கிறேன்" என்றேன். "அது... நல்லது, பாரா" என்றா மிஸஸ் பென்ரோஸ். குறிப்பிலும் எழுதினார்கள்.

எட்டு நாளாகக் கவனிக்கிறேன். ஒரு பெடியனும் வரவில்லை. ஏழு இருபதுக்குக் கொஞ்சம் முன்னால் சங்கிலி ஒரு தரம் குலுங்கும், அது கிராண்ட்லியின் மாடு வந்து உரசுவது. இரும்பில் உடம்பு சொறிய மாட்டுக்குப் பிடிக்கும். அச்சுவேலியில் எங்கள் கறுப்பியும் அப்படித்தான், படலை...

உஸ். இது கார். இது நல்ல வேகம். வளைவு... வளைவு... பிரேக் போடவில்லையே... ஏழு பதினெட்டு, அவள் இப்போது வளைவில்தான்... தம்பி, உங்கள் போனில் லைட் இருக்கா, வாருங்கோ, ஓடிப் போய்...

போய்விட்டான். போய்விட்டான். ஒரு சத்தமும் இல்லை. இல்லைத்தானே? நீங்களும் கேட்டீர்கள், ஒன்றும் இல்லை. ஒவ்வொரு நாளும் இதுதான். இருங்கோ, மூச்சு வரட்டும்.

கிணிங். கேட்டீர்களா? அதுதான் சங்கிலி. சொன்னேனே, மாடு.

மாடுகளை...

மாடுகளைப் போன மாதமே கொட்டிலுக்குள் அடைத்துவிட்டார்கள். பனிக்காலத்தில் வெளியே விடுவதில்லை. நான்தானே அந்த லொறியைப் பார்த்தேன், வைக்கோல் கொண்டு போனதை.

காற்றா? இந்தப் புகார் அசையாமல் நிற்கிறது. காற்று ஏது?

கொஞ்சம் பேசாமல் இருங்கோ.

இந்தா வாறாள்.

"வந்திட்டியோ? இவர் மதுரைத் தம்பி. கார் வளைவிலை வேலியோடை போட்டுது. காயம் ஒண்டும் இல்லை."

"கவனம் தம்பி. பொல்லாத வளைவு அது. ஏதும் குடிச்சீங்களோ? இந்தப் போத்தல்லை தேத்தண்ணி இருக்கு, வைச்சிருங்கோ."

"குளிருதோ?"

"குளிருது."

"மலர்."

"என்ன?"

"ஒண்டுமில்லை. திங்கட்கிழமை அந்தப் படலையிலை கமரா பூட்டப் போறாராம் கிராண்ட்லி."

"பூட்டட்டும்."

"ஆள் வடிவாத் தெரியுமாம் அதிலை."

"தெரியட்டும். நான் என்ன முகத்தை மூடிக்கொண்டோ நடக்கிறன்? என்ன பாக்கிறியள்?"

"இல்லை. நேரமாகுது. நீ போ."

"போறன். இந்தாங்கோ, கையை நீட்டுங்கோ. திறப்பு. இண்டைக்குச் சட்டிக்குக் கீழை வைக்க மறந்துபோனன்."

போய்விட்டாள். இருநூறு யார்தான், அதற்குள் புகார் மூடிவிட்டது. காலடி கேட்கிறது, பாருங்கோ. இந்த நடை எனக்கு இருபது வருஷப் பழக்கம்.

நீங்களும் பார்த்தீர்கள். முழங்காலில் இரும்புக் கறள், படலைத் துரு. சப்பாத்து முழுக்க வயல் சேறு, காற்சட்டைக் கரையில் புல்லு விதை ஒட்டியிருந்தது. நீங்கள் வளைவில் அவளைக் காணாதது சரிதான்.

இல்லை தம்பி, நான் கேட்கவில்லை. நீங்கள் பார்த்தீர்கள்தானே, நான் ஒன்றும் கேட்கவில்லை.

தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறிவிடும். அந்தத் துணியை இப்படித் தாருங்கோ. படலைப் பக்கத்துக் கண்ணாடி இன்னும் துடைக்கவில்லை.